இன்ஜினுக்கு என்ன கலர்?

“ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுது மாஸ்டர். உங்க வீட்டம்மா கண் கட்டை நாளைக்குக் காலைலதான் பிரிப்பேன். அது இருக்கட்டும், இன்ஜினுக்கு எந்தக் கலர்னு முடிவு பண்ணிட்டீங்களா?”

போனில் கண் டாக்டரின் குரல் உற்சாகமாக ஒலித்தது. பெயின்டர் மாஸ்டர் எதிரே இருந்த இரண்டு டின்களையும் மாறி மாறிப் பார்த்தார்.

“பாத்துக்கிட்டே இருக்கேன் டாக்டர்.”

“இன்னிக்கே அடிச்சாத்தான் ஞாயித்துக்கிழமை பழைய கார் போட்டிக்குள்ள காயும். நாலு மணிக்கு வரேன்.”

டாக்டரின் அறுபது வருடத்துப் பழைய கார் பட்டறை நடுவே வாயைப் பிளந்துகொண்டு நின்றது. கழற்றிய இன்ஜின் இரும்பு மேஜை மேல் உட்கார்ந்திருந்தது. அந்த மாடலுக்குக் கம்பெனியே முதல் ஆறு மாதம் ஒரு கலரும் அப்புறம் வேறு கலரும் அடித்ததாம். போட்டி நடுவர்கள் இன்ஜினை டார்ச் அடித்துப் பார்ப்பார்கள். கலர் பிசகினால் மூன்று வருட உழைப்பும் விழலுக்கு இறைத்த நீர்.

கம்பெனிப் புத்தகத்தில் இருந்த நம்பரைச் சொல்லி இரண்டு கலரையும் டாக்டர் டின்னில் வரவழைத்திருந்தார். மூடிமேல் வெறும் நம்பர். கழுகுக் கண் உங்களுடையதாக இருக்கும்போது நான் பார்த்து என்ன ஆகப்போகிறது என்று, சீல்கூடப் பிரிக்காமல் கொடுத்துவிட்டார். ‘கழுகுக் கண்’ என்பது வாடிக்கையாளர்கள் மாஸ்டருக்கு வைத்த பட்டம். முப்பது வருடமாக அந்தப் பெயர்தான் சோறு போடுகிறது.

ஸ்டார்ட்டர் மோட்டாரைக் கழற்றி, எண்ணெயும் சூடும் எட்டாத இடுக்கிலிருந்து நகக்கண் அளவு பழைய பெயின்ட்டை அவர் காலையிலேயே சுரண்டி வைத்துவிட்டார். அந்தச் சில்லு எந்த டின்னோடு ஒத்துப்போகிறதோ, அதுதான் கம்பெனி அடித்த கலர்.

இடது டின்னில் குச்சியை முக்கிச் சில்லுக்குப் பக்கத்தில் பிடித்தார். பொருந்தியது. வலது டின்னில் முக்கிப் பிடித்தார். அதுவும் பொருந்தியது. வாசல் வெயிலுக்குக் கொண்டுபோனார். டியூப் லைட்டுக்கு அடியில் வைத்துப் பார்த்தார். சட்டை முதுகோடு ஒட்டியதுதான் மிச்சம்.

மற்ற நாளாக இருந்தால் மனைவி மூலையில் உட்கார்ந்து பெயின்ட் கலக்கிக்கொண்டே ஊர்வம்பு அளந்துகொண்டிருப்பாள். கலந்த டின்களின் மூடியில் ஆணியால் கோடு கிழித்து வைப்பது அவள் வழக்கம். இந்த மூடிகளில் கோடு இல்லை. அவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

பக்கத்துப் பட்டறை வெல்டர் எட்டிப் பார்த்தார். மாஸ்டர் அவசரமாக மூடிகளை அமுக்கினார்.

“என்னண்ணே, அண்ணி ஆஸ்பத்திரிக்குப் போய் அரை நாள் ஆகல. அதுக்குள்ள இப்படிப் பித்துப் பிடிச்சு உக்காந்துட்டீங்க?”

இவரிடம் கேட்டுவிடலாமா? ஆனால் வெல்டர் காதில் போட்டால் ஒலிபெருக்கியில் போட்ட மாதிரி. பொழுது சாய்வதற்குள் ‘கழுகுக் கண்’ணுக்குக் காக்கைகூட மரியாதை தராது. சிரித்து அனுப்பிவைத்தார்.

நாலு மணிக்குப் பத்து நிமிஷம் முன்பே டாக்டர் வந்துவிட்டார்.

“நாளைக்குச் சொல்றேனே டாக்டர்,” என்றார் மாஸ்டர். “அவ வீட்டுக்கு வந்துடட்டும்.”

“அவங்க வர்றதுக்கும் கலருக்கும் என்ன சம்பந்தம்?”

“மனசு ஒரு நிலையில இல்ல. அதுவும் இது ரெண்டும் அண்ணன் தம்பி மாதிரி இருக்கு. நூல் வித்தியாசம்தான்.”

“அப்படியா? நானும்தான் பாக்கறேனே.”

மாஸ்டர் தடுப்பதற்குள் டாக்டர் இரண்டு மூடிகளையும் நெம்பித் திறந்தார். குனிந்தவர் அப்படியே நின்றார். சில்லைப் பார்த்தார். டின்களைப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து மாஸ்டரின் கண்களையே வெகுநேரம் பார்த்தார்.

“‘வீட்டுல ரெண்டு பேருக்கும் சேத்து என் கண்ணுதான் டாக்டர், சீக்கிரம் சரிபண்ணிக் குடுங்க’ன்னு காலைல உங்க வீட்டம்மா சொன்னாங்க. எனக்கு அப்பப் புரியல,” என்றார் டாக்டர், வெல்டருக்குக் கேட்காத குரலில். “ஒண்ணு சிவப்பு, ஒண்ணு பச்சை மாஸ்டர்.”