பெரிய மேகம்

விமானத்தில் ஜன்னல் சீட்டில் இருந்தவருக்குப் பார்வை கிடையாது. மடக்கிய வெள்ளைக் கோலை மடியில் வைத்துக்கொண்டு, வெயில் வந்த பக்கம் முகத்தைக் கொடுத்து உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் இருந்த எனக்கு அந்த வெயில் கண்ணைக் குத்தியது. இத்தனை பேர் இருக்க, இவருக்கா ஜன்னலைக் கொடுக்க வேண்டும்? அவரிடம் கேட்க வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை. எட்டி, சத்தமில்லாமல் ஜன்னல் மூடியை இறக்கிவிட்டேன்.

அவர் கன்னத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"மேகம் வந்துடுச்சுங்களா?"

"ஆமாங்க."

"பெரிய மேகமோ?"

"பெருசுதானுங்க."

அவர் முகத்தைத் திருப்பவே இல்லை. அரைமணி நேரம் மூடிய ஜன்னலுக்கு எதிரே, வெயில் திரும்புவதற்காகக் காத்திருந்தார். ஏற்றிவிடலாம் என்று இரண்டு முறை கை நீட்டினேன். சத்தம் கேட்டுவிடுமோ என்று இழுத்துக்கொண்டேன்.

விமானம் இறங்கத் தொடங்கியது. ஜன்னல் மூடிகளைத் திறந்து வைக்கும்படி பணிப்பெண் மைக்கில் அறிவித்தாள். முன்னும் பின்னும் ஒவ்வொன்றாக மூடிகள் ஏறும் சத்தம் கேட்டது. நான் அசையாமல் இருந்தேன்.

"சொல்றாங்கல்ல தம்பி," என்றார் அவர் மெதுவாக. "மேகத்தைத் தூக்கிவிடுங்க."