கருப்பு மூடியின் ஓட்டை

இதைச் சரியாகச் சொல்வேனா என்று பயமாகத்தான் இருக்கிறது. பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவள் நான். என் வீட்டுக்காரரோ விஞ்ஞானி. வெயிலை மின்சாரமாக்கும் பொருள்களைத் தேடியே தலை நரைத்தவர். எங்காவது உளறி அவர் மானத்தை வாங்கிவிடக் கூடாது.

அன்று சாயங்காலம், அவரிடம் ஆராய்ச்சி செய்யும் பெண் வந்தாள். ஓயாமல் கேள்வி கேட்பதால் எங்கள் வீட்டில் அவளுக்கு ‘நச்சரிப்பு’ என்று பெயர். அன்றைக்கோ கேள்வி எதுவும் கேட்காமல், அவருடைய ஆராய்ச்சியில் ஒரு தப்பு இருக்கிறது என்று இழுத்து இழுத்துச் சொன்னாள். நான் அடுப்படியில் டீ போட்டுக்கொண்டே காதைக் கூடத்தில் வைத்திருந்தேன்.

விஷயம் இதுதான். அவர் செய்யும், வெயில் பட்டால் மின்சாரம் தரும் சில்லின் மேல் ஒரு கருப்பு மூடியை வைத்து, அதிலுள்ள ஓட்டை வழியாக மட்டும் வெளிச்சத்தை விட்டு, எவ்வளவு மின்சாரம் வருகிறது என்று அளப்பார்களாம். அந்த ஓட்டை, கணக்கில் எடுத்துக்கொண்ட அளவைவிடப் பெரிதாம். பெரிய டம்ளரில் அரிசியை அளந்து போட்டுவிட்டு, சின்ன டம்ளர் அரிசியிலேயே ஊர் சாப்பிட்டது என்று பீற்றிக்கொண்ட மாதிரி.

அந்தப் பீற்றலில்தான் அவருக்கு விருது, பதவி எல்லாம். அதை நம்பி ஒரு கம்பெனி தொழிற்சாலையே கட்டப்போகிறது. அடுத்த வாரம் ஒப்பந்தம்.



“இது வேற யாருக்குத் தெரியும்?” என்று கேட்டார்.

“யாருக்கும் தெரியாது சார். முதல்ல உங்ககிட்டதான் சொல்றேன்.”

“அப்ப இதோட விட்டுடு. உன் பட்டத்துக்கு நான்தான் கையெழுத்துப் போடணும், ஞாபகம் இருக்கட்டும்.”

அவள் டீயைத் தொடவில்லை.  கையைப் பிடித்து வாசல்வரை கொண்டுபோய் விட்டேன். திரும்பி வருவதற்குள் எனக்கு என்னென்னவோ தோன்றியது. தொழிற்சாலை எழும்பும். சொன்ன மின்சாரம் வராது. ஒரு நாள் வாசலில் போலீஸ் வந்து நிற்கும். கட்டிக்கொடுத்த மகள் புகுந்த வீட்டில் எப்படித் தலை நிமிர்ந்து நடப்பாள்?

உள்ளே வந்து அவரிடம் இரண்டு வார்த்தை பேசினேன். அவருக்கு முகம் செத்துப்போனது. சட்டையை மாட்டிக்கொண்டு நேரே ஆராய்ச்சி நிலைய இயக்குநர் வீட்டுக்குப் போய்விட்டார்.

மறுநாள் எல்லோரையும் கூட்டி வைத்துச் சொன்னாராம், தப்பு நடந்திருக்கிறது, நானே கண்டுபிடித்தேன், நானே சொல்கிறேன் என்று. ஒப்பந்தம் நின்றது. வேலையும் போய்விடும் என்றுதான் நான் நினைத்தேன். இயக்குநரோ கண் கலங்கிவிட்டாராம். இந்தக் காலத்தில் இப்படி ஒரு மனுஷனா என்று கட்டிப்பிடித்தாராம். புதிதாக ஆராய்ச்சிக்கு வருகிறவர்களுக்கு நேர்மையைப் பற்றி என் வீட்டுக்காரர்தான் வகுப்பெடுக்க வேண்டுமாம். இரண்டு நாளாகக் கண்ணாடி முன் நின்று பேசிப் பார்க்கிறார்.

இன்று காலை நச்சரிப்பு வந்தாள். அவர் குளித்துக்கொண்டிருந்தார்.

“சாரைத் தப்பா நினைச்சுட்டேம்மா. நான் பயந்து போய் யார்கிட்டயும் மூச்சே விடல. அவராவே போய்ச் சொல்லியிருக்காரு. நேர்ல பார்த்து மன்னிப்புக் கேக்கணும்.”

குளியலறையில் தண்ணீர்ச் சத்தம் நின்றது.  அவளை வாசலுக்கு இழுத்துக்கொண்டு போய்க் காதோடு சொன்னேன்.

“மன்னிப்பும் வேணாம் ஒண்ணும் வேணாம், முதல்ல கிளம்பு தாயே. விடிஞ்சதும் நீ இயக்குநர்கிட்ட போய்ச் சொல்லப்போறேன்னு அன்னிக்கு நான்தான் அவர்கிட்ட புளுகி வெச்சேன்.”