எம்.சி. பாட்டாளியின் முதல் ரசிகை

ஞானஜோதி பிளாஸ்டிக் வாளியில் கடைசித் தாளத்தைத் தட்டி முடித்தபோது, தாயாரம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பத்ரிநாராயணன் அதைப் பார்த்துவிட்டான். ஒருத்தி அழுதுவிட்டாள் என்றால், சாயங்காலம் கல்லூரி விழாவில் தாம்பரமே அழும் என்று அவனுக்கு நம்பிக்கை வந்துவிட்டது.

ஹாஸ்டல் மெஸ்ஸில் பரிமாறுகிற தாயாரம்மாளை அன்று காலைதான் வேலையை விட்டு நிறுத்தியிருந்தார்கள். மேனேஜர் நாலு மணிக்குக் கிளம்பிவிடுவார். அதற்குள் அவர் மனசு மாறாவிட்டால், நாளை முதல் அவள் இடத்தில் பல்லாவரத்திலிருந்து வேறொரு அம்மாள் நிற்பாள். இப்போது மணி மூன்று இருபது.

செய்தி தெரிந்ததும் நண்பர்கள் இருவரும் கொதித்துப் போனார்கள். கொதித்த சூட்டிலேயே பாட்டெழுத உட்கார்ந்தார்கள். இரண்டு வருஷமாக அவள் கையால் சாப்பிட்டவர்களுக்கு அவள் பெயர் அன்றுதான் தெரிந்தது. நல்லவேளையாக அது தாளத்தில் சரியாக உட்கார்ந்தது.

பாட்டின் நாயகியே மூன்று மாடி ஏறி வருவாள் என்று அவர்கள் நினைக்கவில்லை. வராந்தாவில் ஒவ்வொரு கதவின் எண்ணையும் நிமிர்ந்து பார்த்துக்கொண்டே வந்தவள், நாற்பத்தேழில் நின்றாள். கையில் ஒரு மடித்த காகிதம். வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள் என்று ஆரம்பித்தவளைப் பத்ரி கையமர்த்தினான். எல்லாம் தெரியும், நீங்கள் பேசவே வேண்டாம், உங்களுக்காக நாங்கள் பேசியிருக்கிறோம், உட்கார்ந்து கேளுங்கள் என்றான். கட்டிலும் நாற்காலியும் அவர்களுக்கே சரியாக இருந்ததால், அவள் தரையில் உட்கார்ந்தாள்.

அந்தப் பாட்டுதான் இப்போது முடிந்திருந்தது. அதில் உலக வங்கி, டங்கல் வர்த்தகத் திட்டம், அமெரிக்க ராணுவம், மெஸ் காண்டிராக்டர் என்று எல்லோரும் குற்றவாளிகள்.

"தம்பி, மணி ஆவுது..." என்றாள் தாயாரம்மாள்.

அப்போது மீனம்பாக்கத்தை நோக்கி ஒரு விமானம் தாழப் பறந்தது. அந்த இரைச்சலையும் பாட்டில் சேர்த்தால் ஏகாதிபத்தியம் இன்னும் நன்றாகப் புரியும் என்று பத்ரிக்குத் தோன்றியது. எனவே பாட்டு மறுபடியும் முதலிலிருந்து பாடப்பட்டது. விமானத்துக்கு ஞானஜோதி வாயால் சத்தம் கொடுத்தான்.

இவர்களை இப்படி ஆக்கியது டெட்ராய்ட்டிலிருந்து பத்ரியின் அத்தை மகன் அனுப்பிய ஒரு கேசட். பெரிய கம்பெனி கிடையாது, சினிமா கிடையாது. ஒரு கறுப்பின இளைஞன் தன் வீட்டுச் சமையலறையில் தானே பாடி, தானே பதிவு செய்து, தெருமுனையில் நின்று விற்றது. ஆடச் சொல்லாமல் யோசிக்கச் சொல்கிற சங்கீதம் என்பான் பத்ரி. யோசித்து யோசித்து, ராப் பாடகர்கள் வழக்கப்படி தனக்கும் ஒரு மேடைப் பெயர் வைத்துக்கொண்டான்: எம்.சி. பாட்டாளி. பாட்டாளிக்குச் சொந்த ஊரில் இரண்டு மாடி வீடு.

தாயாரம்மாளுக்கு மூலத்தையும் கேட்கும் பாக்கியம் கிடைத்தது. பத்ரி கேசட்டைப் போட்டான். ஞானஜோதி வரிவரியாகத் தமிழில் சொன்னான். ஓட்டலில் தட்டு கழுவுகிற ஒருவன்; காரணம் கேட்காமல் ஒருநாள் அவனைத் துரத்திவிடுகிறார்கள்; பஸ்ஸுக்குக் காசில்லாமல் நடந்தே வீட்டுக்குப் போகிறான்; கதவைத் திறக்கும் மகளிடம் என்ன சொல்வதென்று வழியெல்லாம் ஒத்திகை பார்க்கிறான்.

இதை மட்டும் தாயாரம்மாள் உற்றுக் கேட்டாள். அவள் விரல் முழங்காலில் தானாகத் தாளம் போட்டது. வாளியைவிடச் சரியாகவே போட்டது.

"அப்பால அவனுக்கு வேல திரும்பக் கெட்ச்சுதா தம்பி?"

கேசட் தேயத் தேயக் கேட்டவர்களுக்கு அந்தச் சந்தேகம் வந்ததே இல்லை.

"அது பாட்டுல வராதும்மா" என்றான் பத்ரி. "அத நாமதான் யோசிக்கணும். அதான் இதோட அழகே."

தாயாரம்மாள் யோசித்தாள். மேஜைமேல் இருந்த கடிகாரத்தைப் பார்த்தாள். நாலுக்குப் பத்து நிமிஷம்.

"இந்தப் பாட்டுன்னா உனுக்கு அவ்ளோ இஷ்டமா?"

"உயிரும்மா."

அவள் முகத்தில் முதல் தடவையாகக் கொஞ்சம் தெம்பு வந்தது. எழுந்து நின்றாள். மடித்த காகிதத்தைப் பிரித்து, இடுப்பில் செருகியிருந்த பேனாவோடு சேர்த்து நீட்டினாள்.

ஞானஜோதி பத்ரியின் விலாவில் இடித்தான். "ஆட்டோகிராஃப் மச்சான்."

பத்ரி இரண்டையும் வாங்கிக்கொண்டான். காகிதத்தில் மேனேஜர் பெயருக்கு யாரோ ஏதோ டைப் அடித்திருந்தார்கள். கலைஞர்கள் அதையெல்லாம் படித்துக்கொண்டிருப்பதில்லை. கீழே இருந்த வெற்றிடத்தில் கோணலாக, பெரிதாக, 'எம்.சி. பாட்டாளி' என்று எழுதி, பக்கத்தில் உயர்த்திய முஷ்டி ஒன்றும் வரைந்து கொடுத்தான். முஷ்டியில் ஆறு விரல் விழுந்துவிட்டது.

தாயாரம்மாள் அதை எழுத்துக்கூட்டிப் படித்தாள். இரண்டு தடவை படித்தாள். காகிதத்தை மெதுவாக அவனிடமே திருப்பி நீட்டினாள்.

"இந்தப் பேரு வேணாம் தம்பி. ரெண்டாவது முட்ட தரலன்னு மேனேஜராண்ட எய்திக் குட்த்தியே, அதுல போட்ட பேரப் போடு."