தலையாட்டும் பாடம்

"பிணம் உள்ளே படுத்திருக்கா, இல்ல என் முன்னால நிக்குதா?"

அத்தனை பேர் நடுவில் நான் ஹோசுமியைப் பார்த்துக் கேட்ட கேள்வி இது. கேட்ட இடம் ஜப்பானின் தகாமத்சு நகரில் இறுதிச் சடங்கு நடத்தும் ஒரு மண்டபம். ஐந்து பேர் சிரித்தார்கள். இன்று நினைத்தாலும் எனக்குக் காது சுடுகிறது.

உடல்மொழி கற்றுக்கொடுப்பது என் தொழில். எங்கள் நாட்டில் ஒருவர் பேசும்போது எதிரில் நிற்பவர் சும்மா நிற்கக் கூடாது. மூச்சுக்கு ஒரு தரம் தலையாட்ட வேண்டும். நடுநடுவே "ம்", "அப்படிங்களா", "ஆமாங்க" என்று சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பேசுகிறவருக்குப் பேச்சே வராது. எல்லோருக்கும் தெரிந்த இந்தச் சங்கதியையே மூன்று மணி நேரப் பாடமாக்கிப் பதினெட்டு வருஷமாகப் பிழைத்துக்கொண்டிருக்கிறேன்.

தலையாட்டினால் எதிராளி இளகுவான், இளகினால் நம் சொல்லைக் கேட்பான். இதுதான் என் வேதம்.

அன்று பாடத்துக்கு வந்தவர்கள் அந்த மண்டபத்தின் புது ஊழியர்கள் ஆறு பேர். ஆறு மாதத் தற்காலிக வேலையின் கடைசி வாரம் அது. நான் போடும் மதிப்பெண்ணை வைத்துத்தான் யாரை நிரந்தரமாக்குவது என்று மேலாளர் உராபே அம்மா முடிவு செய்வார்.

ஹோசுமிக்கு நாற்பத்தைந்து வயது. தீவுக்குப் போகும் படகின் எஞ்சின் அறையில் இருபது வருஷம் வேலை பார்த்தவர். படகை நிறுத்திவிட்டதால் இங்கே வந்திருந்தார். இதுவும் கைவிட்டுப் போனால் அவருக்கு வேறு போக்கிடம் இல்லை என்று உராபே அம்மா முன்பே என்னிடம் சொல்லியிருந்தார். அதற்கும் நான் தலையாட்டியிருப்பேன்.

தேர்வு சுலபமானதுதான். மனைவியைப் பறிகொடுத்தவனாக நான் நடிப்பேன். ஒவ்வொருவராக எதிரே வந்து நின்று கேட்க வேண்டும்.

மற்ற ஐந்து பேரும் பூம்பூம் மாடு தோற்றுப்போகும்படி ஆட்டினார்கள். எனக்குப் பரம திருப்தி.

ஹோசுமி மட்டும் அசையவே இல்லை. "ம்" கூடச் சொல்லாமல் என் வாயையே உற்றுப் பார்த்துக்கொண்டு நின்றார். கடைசி நாளில் அவளுக்குக் கால் இரண்டும் சில்லிட்டுப் போயிருந்தது என்று நான் குரல் தழுதழுக்கச் சொன்னேன். ஆடாத தலையோடு அவர் கேட்டார்.

"கம்பளிக் காலுறை ஏதாவது வீட்ல இருக்குங்களா? எடுத்துட்டு வாங்க, அவங்களுக்கு நானே போட்டுவிடறேன்."

"கேள்வியெல்லாம் அப்புறம். முதல்ல தலையை ஆட்டுங்க" என்றேன்.

ஆட்டினார். அவ்வளவுதான், முகம் குழம்பிப்போனது. நான் அடுத்துச் சொன்னதற்குச் சம்பந்தமே இல்லாமல் ஏதோ பதில் சொன்னார். அப்போதுதான் அந்தப் பிணக் கேள்வியைக் கேட்டேன்.

ஹோசுமி முகம் சிவந்து, இடுப்பை வளைத்து வணங்கிவிட்டுத் தன் நாற்காலிக்குப் போனார். கேட்கும் பண்பு என்ற கட்டத்தில் அவருக்கு ஒரு பூஜ்யம் போட்டு, தாளை உராபே அம்மாவிடம் கொடுத்தேன். அவர் முத்திரை குத்தி வைத்துக்கொண்டார்.

மாலையில் வாசலில் ஷூவை மாட்டிக்கொண்டிருந்தேன். நான் மறந்து வைத்த குடையை எடுத்துவந்து இரண்டு கையாலும் நீட்டினார் ஹோசுமி. தெரிந்தே குழியில் தள்ளியவனுக்கு வரும் இரக்கம் எனக்கும் வந்தது.

"உங்களுக்கு என்னதான் பிரச்சனை? தலையாட்டறது அவ்வளவு கஷ்டமா?"

"தலை ஆடினா உங்க உதடு தெரியாதுங்க சார். எஞ்சின் சத்தத்துல ஒரு காது சுத்தமாப் போச்சு, இன்னொண்ணு அரைகுறை. உதட்டைப் பார்த்துத்தான் பாதி புரிஞ்சுக்கறேன்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஐந்து பேர் தலையாட்டியதில் ஒருவராவது அந்தச் சில்லிட்ட காலைப் பற்றிக் கேட்டார்களா என்று அப்போதுதான் யோசித்தேன்.

"இதை முதல்லயே சொல்லித் தொலைச்சிருக்கலாமே" என்றேன். தப்பு என் மேல் இல்லை என்று காட்டிக்கொள்ள அவ்வளவு அவசரம் எனக்கு.

"காலையில சொன்னேனே சார். இதே இடத்துலதான்."

நினைவுக்கு வந்தது. காலையில் நான் செருப்பு மாற்றும்போது யாரோ ஒருவர் அருகில் வந்து வெகுநேரம் தயங்கித் தயங்கி என்னவோ சொன்னார். வகுப்பை எப்படித் தொடங்கலாம் என்று மனதுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தேன். சொன்னது என்ன என்பது கிடக்கட்டும், சொன்னவர் முகம்கூட எனக்குப் பதியவில்லை.

பிறகு உள்ளே போய், உராபே அம்மாவிடம் நடந்ததைச் சொல்லித் தலைகுனிந்து நின்று, தாளைத் திரும்ப வாங்கிக் கிழித்தேன். ஹோசுமிக்கு வேலை நிரந்தரமானது. அதில் நான் பெருமைப்பட ஒன்றுமே இல்லை. உள்ளே போவதற்கு முன், அந்த வாசலில், காலையிலேயே சொல்லியும் பூஜ்யம் போட்டபோது ஏன் வாய் திறக்கவில்லை என்று கேட்டிருந்தேன். அவர் ஒரு பொட்டுக் கோபம் இல்லாமல் பதில் சொன்னார்.

"நீங்க அவ்வளவு அழகாத் தலையாட்டி, 'அப்படிங்களா, அப்படிங்களா'ன்னு கேட்டீங்க சார். எல்லாத்தையும் கேட்டுட்டுத்தான் நான் வேண்டாம்னு முடிவு பண்ணியிருக்கீங்கன்னு நினைச்சேன்."

அவர் இதைச் சொல்லிக்கொண்டிருந்தபோதும் என் தலை தாளம் தப்பாமல் ஆடிக்கொண்டிருந்தது.