பூட்டுக்குக் கிடைத்த வேலை

சுடாத மண்கல்லில் கட்டிய அந்தப் புதுப் பள்ளிக்கூடத்தில், பித்தளைப் பூட்டு கேட்டில் சும்மாவே தொங்கியது. பிள்ளைகள் வீட்டுக்குப் போனதும், மழைநீர்த் தொட்டிக்குக் குடங்களோடும், நூலகத்துக்குப் பேப்பர் படிக்கவும் ஊரே உள்ளே வந்துவிடும்.

"பள்ளிக்கூடமா இது, சந்தையா? ஒருநாளாவது என்னைப் பூட்டக் கூடாதா?" என்று பூட்டு பொருமியது.

"உன்னைப் பேரீச்சம்பழத்துக்குத்தான் போடப் போறாங்க அண்ணே!" என்று கேட் சிரித்தது.



ஆடிக் காற்றில் கேட் படார் படாரென்று சாத்திக்கொண்டு, குடத்தோடு வந்தவர்களை இடித்தது. தலைமையாசிரியை செல்வநாயகி கேட்டை விரியத் திறந்து, பக்கத்துக் கம்பத்தோடு சேர்த்துப் பூட்டினார்.

"என்னைத் தாண்டி எவன் இந்தக் கேட்டைச் சாத்துறான்னு பார்த்துடலாம்!" என்று மார்தட்டியது பூட்டு.