ஒரு கூண்டுக்கு ஒரு எலி

திரையில் எலி விசையை அழுத்திக்கொண்டே இருந்தது.

அவன் கடைசி வரிசைக்குப் பின்னால் நின்றான். மனைவியின் துணிப்பை அலுவலக அறையில் இருந்தது. கூட்டம் முடிந்ததும் தருவார்களாம்.

"பாத்தீங்களா? சோறு வேண்டாம், தண்ணி வேண்டாம். போதை மருந்து ஒண்ணே போதும். சாகிற வரைக்கும் அமுக்குச்சு," என்றார் மறுவாழ்வு மையத்தின் ஆலோசகர். "உங்க வீட்டு ஆளும் இப்படித்தான். அதனாலதான் முதல் மாசம் தனியறை. பாக்க வரக்கூடாது, போன் கூடாது. பாசம் காட்டினீங்க, கெட்டுது."

யாரோ சிரித்தார்கள்.

அவன் மனைவி ஹேமலதா செவிலியாக இருந்தவள். முதுகுவலிக்கு ஒரு ஊசி. பிறகு வலி இல்லாமலும்.

அவளே கேட்டுத்தான் இங்கே சேர்ந்தாள்.

தாழ்ப்பாள் அவள் அறைக் கதவுக்கு வெளியே இருந்தது. அவன் வந்தபோதெல்லாம் வாசலிலேயே திருப்பி அனுப்பினார்கள்.

பிறகு ஒரு காலையில் அவர்களே அழைத்தார்கள்.

அன்று மட்டும் உள்ளே விட்டார்கள். அவளை வெள்ளைத் துணியால் மூடியிருந்தார்கள்.

"சார், அந்தக் கூண்டுல எத்தனை எலி இருந்துச்சு?" என்று கேட்டான் அவன்.

எல்லோரும் திரும்பினார்கள்.

"ஒண்ணுதான். ஒரு கூண்டுக்கு ஒரு எலி. ஆராய்ச்சின்னா அதான் முறை."

"இன்னொரு ஆராய்ச்சியில பெரிய பெட்டி செஞ்சு, நிறைய எலிகளைச் சேத்து விட்டாங்க. ஓடுச்சு, விளையாடுச்சு, குட்டி போட்டுச்சு. மருந்துத் தண்ணி பக்கத்துலயே இருந்துச்சு. பெரும்பாலும் சீண்டல."

அவர் புன்னகைத்தார்.

"தம்பி, அது எலி. இது மனுஷன்."

இத்தனை நேரம் எலி மனிதனாக இருந்தது. இப்போது மறுபடியும் எலி.

அவன் முன்னால் இருந்த நாற்காலியின் முதுகை இறுகப் பிடித்தான். அது ஆடியது. அதில் உட்கார்ந்திருந்த அம்மா நிமிர்ந்து பார்த்தார். காலையில்தான் மகனைச் சேர்த்தவர். மடியில் தூக்குப்போசி. சோற்றையும் உள்ளே வாங்கவில்லை.

"நீங்க யாரைச் சேத்திருக்கீங்க, தம்பி?"

"சம்சாரத்தைங்க. அவ பையை வாங்கிட்டுப் போக வந்தேன்."

"பையைத்தானா? அந்தப் புள்ளையக் கூட்டிட்டுப் போகலீங்களா?"

அவன் நாற்காலியை விட்டான்.

அந்த அம்மா அவன் முகத்தையே பார்த்தார். பிறகு எழுந்தார். தூக்குப்போசி உருண்டு சோறு தரையில் கொட்டியது.

"அம்மா, உக்காருங்க. அம்மா!" என்று கத்தினார் ஆலோசகர்.

அதற்குள் மாடி ஏறியிருந்தார்.

மகன் எந்த அறையில் என்று அவருக்குத் தெரியாது. ஒவ்வொரு கதவாகத் தட்டினார்.

எல்லாக் கதவுகளும் திருப்பித் தட்டின.