மஞ்சள் கோடு

எங்கள் ஆலைக்குள் மாநில எல்லை ஒரு மஞ்சள் கோடாக ஓடியது. இந்தப் பக்கம் வெப்பம் நாற்பது டிகிரியைத் தாண்டினால், நாங்கள் கட்டியிருக்கும் எச்சரிக்கைக் கைப்பட்டை அலறும். வேலையை நிறுத்த வேண்டும். அந்தப் பக்கம் நாற்பத்தைந்து வரை அலறாது.

அலறும்போதெல்லாம் மேற்பார்வையாளர் என் மனைவி செவ்வந்தியிடம் சொல்வார்: "மேசைய ரெண்டடி அந்தாண்ட தள்ளிக்கம்மா. அது வாய மூடிக்கும்."

ஒருநாள் நாற்பத்து நான்கு டிகிரியில், கோட்டுக்கு அந்தப் பக்கம் அவள் விழுந்து இறந்தாள்.

இரண்டு மாநிலத்துக்கும் ஒரே அளவு வேண்டும் என்று மனு கொடுத்தேன். ஆறு மாதம் கழித்து தொழிற்சாலை ஆய்வாளர் வந்து கைகுலுக்கினார்.

"உங்க மனு ஜெயிச்சிருச்சு தம்பி. இனிமே ஒரே அளவுதான்."

"எவ்வளவு சார்?"

"நாப்பத்தஞ்சு."

கோட்டை அழித்துவிட்டார்கள். செவ்வந்தியின் மேசை முன் இப்போது நான் நிற்கிறேன். இன்று நாற்பத்து நான்கு. பட்டை அலறவில்லை.